கெடுதல் எங்கே இருக்கிறது?

ஆங்கில ஒத்தசொல் அகராதியில் 'பேட்' என்ற தலைப்பைப் புரட்டினால் ஈவில், விக்கிட், வைல், நெஃபேரியஸ், ஹேனஸ், சினிஸ்டர் என்று ஒரு பட்டாளமே நிற்கும். எல்லாம் ஒரே பொருள், காரம் மட்டும் கூடக்குறைய என்று எண்ணிக்கொண்டு, அவற்றில் பெரிதாகத் தெரிவதை எடுத்து வாக்கியத்தில் வைத்துவிடுவது நம் பக்கத்து ஆங்கிலத்தின் தீராத பழக்கம். புகார்க் கடிதத்திலும் பத்திரிகைச் செய்தியிலும் கட்சி அறிக்கையிலும் இதைப் பார்க்கலாம். தண்ணீர் லாரி இரண்டு நாள் வரவில்லை என்பதற்கு 'ஹேனஸ்' என்று எழுதுவார்கள். படிக்கிறவர் லாரியை மறந்துவிட்டு எழுதியவரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்.

இந்தச் சொற்களைக் காரத்தின் அளவால் அடுக்க முடியாது. ஒவ்வொன்றும் கெடுதலை ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது: பொருளின் தரத்தில், செய்த செயலில், செய்தவரின் எண்ணத்தில், அவருடைய பிறவி இயல்பில், ஊரார் வாயில். எவ்வளவு கெட்டது என்று அளக்கும் முன் கெடுதல் எதில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிவிடும்.

பேட்: எதற்கும் பொருந்தும், எதையும் சொல்லாது

'பேட்' 1300 வாக்கில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அதன் பிறப்பிடம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் முடிவில்லை. பாரசீகத்திலும் 'பத்' என்றால் கெட்டது. இந்திப் படங்களில் கேட்கும் 'பத்மாஷ்', 'பத்நாம்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒலியும் பொருளும் இப்படி ஒட்டிப்போவதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றும். மொழியியலார் இதைத் தற்செயல் என்கிறார்கள். உறவில்லாமலே ஒத்திருக்கும் சொற்களுக்கு அவர்கள் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டும் இதுவே.

குறை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சொல் 'பேட்'. என்ன குறை என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லவேண்டும். வங்கியில் 'பேட் டெட்' வாராக்கடன். கிரிக்கெட்டில் 'பேட் லைட்' போதாத வெளிச்சம். 'பேட் நீ' வலிக்கிற முழங்கால், 'பேட் செக்' பணமில்லாமல் திரும்பிய காசோலை, 'பேட் பிளட்' பழம்பகை. தமிழில் எழுதும்போது இவை எதிலும் 'கெட்ட' என்ற சொல் தலைகாட்டாது என்பதைக் கவனியுங்கள். மொழிபெயர்ப்பாளர் 'மோசமான வெளிச்சம் காரணமாக ஆட்டம் நின்றது' என்று எழுதினால் அவர் தூக்கத்தில் எழுதுகிறார் என்று பொருள்.

சாப்பாட்டு விஷயத்தில் 'பேட்' இன்னும் சோம்பேறி. நாம் எல்லாவற்றையும் 'கெட்டுப்போச்சு' என்று சொல்வதில்லை. சாம்பார் ஊசிப்போகும், தக்காளி அழுகும், மோர் புளிக்கும், எண்ணெய் காறும், அப்பளம் நமத்துப்போகும். ஆங்கிலத்திலும் இந்த வகுப்புப் பிரிவினை உண்டு, நாம்தான் பயன்படுத்துவதில்லை. காறிய எண்ணெய், பழைய நெய், வறுத்த கடலையில் வரும் சிக்கு வாடை எல்லாம் 'ரேன்சிட்'. பாலும் இறைச்சியும் பிரிட்டிஷ்காரர் வாயில் 'கான் ஆஃப்', அமெரிக்கர் வாயில் 'ஸ்பாயில்ட்'. 'ஸ்டேல்' கொஞ்சம் வேடிக்கையானது. ரொட்டி ஸ்டேல் ஆனால் விறைத்துப்போகும், பிஸ்கட் ஸ்டேல் ஆனால் நமத்துப்போகும். அந்தச் சொல் குறிப்பது புதுமை போனதைத்தான். அழுகலை அது குறிக்காது. ஆகவே நஞ்சான உணவைப் பற்றிய புகாரில் 'ஸ்டேல்' என்று எழுதினால் உங்கள் வழக்கை நீங்களே இளக்கிக்கொள்கிறீர்கள்.

கூமுட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஆடில்ட் எக்' என்று பெயர். நாம் விவரமில்லாத ஆளைக் 'கூமுட்டை' என்று திட்டுவதுபோல அவர்களும் குழம்பிய மூளையை 'ஆடில்ட்' என்கிறார்கள். இரண்டு ஊர்க் கோழிகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

'புவர்' என்பதை 'பேட்'டுக்கு மாற்றாகப் பலர் கையாள்வதில்லை, கையாள வேண்டும். அது போதாமையைச் சொல்லும்: பார்வை, மழை, வருகைப்பதிவு, மதிப்பெண். ஆனால் 'புவர் ஸ்டூடண்ட்' என்று எழுதும்போது படிப்பில் பின்தங்கியவரா, பணமில்லாதவரா என்பது வாக்கியத்தில் தெளிவாகட்டும். 'பேட் ஸ்டூடண்ட்' என்றாலோ நடத்தையின் மீதும் சந்தேகம் படியும். நற்சான்றிதழ் எழுதும் ஆசிரியர்கள் இந்த இரண்டு சொற்களிலிருந்தும் தள்ளியே இருக்கலாம்.

ஈவில்: பேச்சுவார்த்தையை முடிக்கும் சொல்

பழைய ஆங்கிலத்தில் 'ஈவில்'தான் அன்றாடச் சொல். இன்று 'பேட்' செய்யும் வேலை முழுவதையும் அன்று அது செய்தது. 'வொர்ஸ்', 'வொர்ஸ்ட்' இரண்டும் அதனோடு இருந்தவை. 'பேட்' அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 'பேடர்', 'பேடஸ்ட்' என்ற வடிவங்கள் நிலைக்காமல் போனது அதனால்தான். அன்றாட வேலையை இழந்த 'ஈவில்' தேவாலயத்தின் பக்கம் ஒதுங்கியது. அங்கே அதன் எடை கூடிவிட்டது.

இன்று ஒரு மனிதரையோ நாட்டையோ 'ஈவில்' என்றால், கெடுதல் அவருடைய இயல்பிலேயே இருக்கிறது, திருத்த வழியில்லை என்று சொல்கிறீர்கள். அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே தெரியும். 1983 மார்ச்சில் ரொனால்ட் ரீகன் சோவியத் ஒன்றியத்தை 'ஈவில் எம்பயர்' என்றார். பேசிய இடம் புளோரிடாவில் கூடிய சுவிசேஷகக் கிறிஸ்தவர்களின் மேடை. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் ஈராக், ஈரான், வட கொரியா மூன்றையும் 'ஆக்சிஸ் ஆஃப் ஈவில்' என்றபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு திருத்தம் இருந்தது. உரை எழுதிய டேவிட் ஃப்ரம் முதலில் வைத்த சொல் 'ஹேட்ரட்', அதாவது வெறுப்பு. தலைமை உரையாசிரியர் மைக்கேல் கெர்சன் அதை 'ஈவில்' ஆக்கினார். வெறுப்பு ஓர் உணர்ச்சி. அது தணியலாம், வெறுக்கிறவரோடு உட்கார்ந்து பேசலாம். ஈவிலோடு என்ன பேசுவது? அந்த ஒரு சொல்லில் கதவு சாத்தப்பட்டது.

ஹன்னா அரெண்ட் 1963இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பற்றிய தன் நூலின் துணைத்தலைப்பில் 'ஈவில்' என்பதோடு 'பனாலிட்டி' என்பதைச் சேர்த்தபோது பலர் கொதித்ததும் இதனால்தான். அசுர இயல்பு கேட்கும் சொல்லை, உப்புச்சப்பற்ற அன்றாடத்தைக் குறிக்கும் சொல்லோடு கட்டிவைத்தார்.

பெயர்ச்சொல்லாக வரும்போது இவ்வளவு வெப்பம் கிடையாது. 'சோஷியல் ஈவில்' சமூகத் தீமை. 'நெசசரி ஈவில்' என்றால் வேண்டாதது, ஆனாலும் விட முடியாதது. பல வீடுகளில் வருமான வரியையும் சில வீடுகளில் கைபேசியையும் அப்படிச் சொல்வார்கள். யாரையும் யாரும் சபிக்கவில்லை. 'ஈவில் ஐ' நம் கண்திருஷ்டியேதான். அலுவலகக் கடிதத்தில் மட்டும் மேலதிகாரியை, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், 'ஈவில்' என்று எழுதாதீர்கள். அதன்பின் விசாரிக்க எதுவும் மிச்சமிருக்காது.

சூடு ஆறிப்போனவை

'விக்கிட்' என்பதைத் தமிழில் எழுதினாலே கிரிக்கெட் ஞாபகம் வரும். அந்த விக்கெட் வேறு. இது சூனியக்காரியைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு உறவுடையது, கதைப்புத்தகச் சிற்றன்னைகளுக்கும் மந்திரக்கிழவிகளுக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது. வளர்ந்தவர்கள் வாயில் இப்போது பெரும்பாலும் ரசனையோடுதான் வருகிறது. 'விக்கிட் ஹ்யூமர்' என்றால் குத்தலான நகைச்சுவை, பாராட்டுத்தான். பாஸ்டன் பக்கம் 'விக்கிட் கோல்ட்' என்பது 'ரொம்பக் குளிர்', அவ்வளவே. குற்றச் செய்தியில் இந்தச் சொல்லை வைத்தால் அம்புலிமாமா வாடை அடிக்கும்.

'நாட்டி'யின் கதை இதைவிட நீண்ட இறக்கம். 'ஒன்றுமில்லை' என்னும் பொருளுடைய 'நாட்' என்ற சொல்லிலிருந்து பிறந்து, முதலில் ஒன்றுமில்லாத ஏழையைக் குறித்து, பிறகு தீயவரைக் குறித்தது. ஷேக்ஸ்பியரின் போர்ஷியா உலகத்தையே அப்படிச் சொல்லும்போது சிரிக்க வேண்டிய இடமல்ல அது. இன்று அது குழந்தைகளின் சேட்டை. ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் செல்லமாக 'ஹி இஸ் எ வெரி நாட்டி ஃபெல்லோ' என்று வளர்ந்த ஆணைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காதில் அது படுக்கையறைப் பேச்சாக விழும்.

'மிஸ்சிஃப்' விஷயத்தில் நிதானமாக நில்லுங்கள். பள்ளிக்கூடத்தில் அது குறும்பு. நீதிமன்றத்தில் அது குற்றம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 425ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 324ஆம் பிரிவு. பிறருக்கு முறையற்ற இழப்பு உண்டாக்கும் நோக்கத்தோடோ, உண்டாகும் என்று தெரிந்தோ ஒரு சொத்தை அழிப்பது, சேதப்படுத்துவது, பயனற்றதாக்குவது எல்லாம் இதில் அடங்கும். தண்டனைச் சட்டம் தந்த விளக்க எடுத்துக்காட்டுகளைப் படித்தால் ஒரு காலமே கண்முன் வரும்: மற்றவரின் மோதிரத்தை ஆற்றில் எறிவது, பிறர் வயலுக்குள் மாட்டை விட்டுப் பயிரை மேயவிடுவது, இன்னொருவருடைய பனிக்கட்டிக் கிடங்குக்குள் தண்ணீரைப் பாய்ச்சிக் கட்டியைக் கரையவைப்பது. கப்பலில் பனிக்கட்டி இறக்குமதியான நாள்களில் எழுதிய சட்டம் அது. திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தக் காலம். முதல் தகவல் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துச் செய்தியில் 'குறும்பு செய்ததாக வழக்கு' என்று எழுதிவிடக்கூடாது. 'சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக' என்று எழுதுங்கள்.

உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். 'மிஸ்சிவஸ்' மூன்று அசை. 'மிஸ்சீவியஸ்' என்று நான்காக்குவது ஆங்கிலேயர்களே செய்யும் தவறு. அதற்காக நாம் கூட்டுச் சேர வேண்டியதில்லை.

எண்ணத்தில் இருக்கும் கெடுதல்

'மால்' என்று தொடங்கும் குடும்பம் லத்தீனிலிருந்து வந்தது. மலேரியாவும் இந்தக் குடும்பம்தான். கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய இத்தாலியர் வைத்த பெயர். 'மலெவலன்ட்' பிறருக்குக் கேடு நினைப்பது. அது பார்வையில், சிரிப்பில் தெரியும், கை நீள வேண்டியதில்லை. 'மலிஷஸ்' என்றால் அந்த நினைப்பு செயலில் இறங்கிவிட்டது: அவதூறு, பொய் வழக்கு, கணினியைக் கெடுக்கும் நிரல். 'மலிக்னன்ட்' என்பதை மருத்துவர் எழுதியிருந்தால் புற்றுநோய். அதைத் 'தீய கட்டி' என்று மொழிபெயர்த்து நோயாளியைக் குழப்பாதீர்கள்.

சட்டத்துக்குள் போனால் 'மாலிஸ்' இன்னொரு முகம் காட்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில், பொறுப்பிலிருக்கும் அதிகாரி ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல 'ஆக்சுவல் மாலிஸ்' காட்டவேண்டும் என்றது. பெயரைப் பார்த்தால் வன்மம் என்று தோன்றும். அந்தத் தீர்ப்பில் அதன் பொருள், பொய் என்று தெரிந்தே வெளியிடுவது அல்லது உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் வெளியிடுவது. எழுதியவர் அந்த அதிகாரியை மனதுக்குள் வெறுத்தாரா என்பது கேள்வியே இல்லை. 'உள்நோக்கம்', 'வன்மம்' என்ற சொற்களை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் வைக்காமலிருப்பது நல்லது.

'சினிஸ்டர்' லத்தீனில் இடப்பக்கம். இடது கையால் கொடுக்காதே என்று திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கெடுதல் இன்னும் நடக்கவில்லை, நடக்கப்போகிறது என்ற அச்சத்துக்குத்தான் இந்தச் சொல். நடந்து முடிந்த கொலையை 'சினிஸ்டர்' என்றால் பொருந்தாது; கொலைக்கு முன் வந்த தொலைபேசி அழைப்பு சினிஸ்டர். 'நெஃபேரியஸ்' தெய்வ நியதிக்கு மாறானது என்ற பொருளில் பிறந்து, இப்போது அரசியல் அறிக்கைகளில் 'டிசைன்ஸ்' என்ற சொல்லோடு குடித்தனம் நடத்துகிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு எந்த நட்டமும் இராது.

'விஷஸ்' பற்றி ஒரு குறிப்பு. லத்தீனில் 'விட்டியம்' என்றால் குறை. 'விஷஸ் சர்க்கிள்' முதலில் தருக்கத்தில் வந்த சொல்: நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துச் சுற்றும் பழுதான வாதம். தமிழில் 'விஷச் சுழல்' ஆனது ஒலி செய்த வேலையாகவும் இருக்கலாம். நீதிமன்ற உத்தரவில் வரும் 'விஷியேட்டட்' இதே வேரிலிருந்து வருகிறது. நடவடிக்கையில் புகுந்த ஒரு பழுது முழுவதையும் செல்லாததாக்கிவிட்டது என்று பொருள். யாரும் கொடூரமாக நடந்துகொண்டார்கள் என்றல்ல. துணைவேந்தரின் 'வைஸ்' மட்டும் வேறு வேர், அவர் நிம்மதியாக இருக்கலாம்.

செயலில் இருக்கும் கெடுதல்

'ஹேனஸ்' என்றுதான் சொல்லவேண்டும், 'ஹீனியஸ்' அல்ல. மனிதருக்கு ஒட்டாது, குற்றத்துக்குத்தான் ஒட்டும். இந்தியாவில் இதற்குச் சட்ட அளவுகோலும் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குற்றங்களைச் சிறியவை, கடுமையானவை, ஹேனஸ் என்று மூன்றாகப் பிரிக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை அல்லது அதற்கு மேல் என்றால் அது ஹேனஸ். 16 வயது நிறைந்த சிறுவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுக்கு மேல், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லவில்லை என்றால்? அப்படிப்பட்டவை ஹேனஸ் ஆகா என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படிப்பவர் நெஞ்சு பதறும் குற்றம்கூடச் சட்டப்படி ஹேனஸ் இல்லாமலிருக்கலாம். சிறார் வழக்கைப் பற்றி எழுதுகிறவர் உணர்ச்சியில் இந்தச் சொல்லைத் தொடக்கூடாது.

'அட்ரோஷஸ்' விசித்திரமானது. உரிச்சொல்லாக வந்தால் கையெழுத்தையும் காபியையும்கூட அப்படிச் சொல்லலாம். பெயர்ச்சொல்லாகி 'அட்ராசிட்டி' என்றால் படுகொலையின் எடை வந்துவிடும். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்கு மூன்றாவது பொருளும் தந்தது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியலிடும் குற்றங்கள் எல்லாம் அட்ராசிட்டி. சாதியால் அவமதிப்பதும் நிலத்தை அபகரிப்பதும் நீர்நிலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அவற்றில் உண்டு. இரத்தம் சிந்தியிருக்க வேண்டியதில்லை. 'வன்கொடுமை' என்ற தமிழ்ச்சொல் இதற்கென்றே நிலைபெற்றுவிட்டது. 'கொடூரம்', 'அட்டூழியம்' என்று மாற்றி எழுதினால் வழக்கே மாறிவிடும்.

'ஹாரிபிள்', 'டெரிபிள்', 'ஆஃபுல்' மூன்றும் பயத்தைக் குறித்துப் பிறந்து, புழங்கித் தேய்ந்துவிட்டன. விபத்துச் செய்திக்கு 'ஹாரிஃபிக்' இன்னும் கூர்மையாக இருக்கிறது. 'டெரிஃபிக்' கூடவே கூடாது, அது பாராட்டு.

ஊழல் மட்டும்தானா?

'கரப்ட்' என்றதும் லஞ்சம் நினைவுக்கு வரும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் 'கரப்ட் பிராக்டிஸ்' என்பதற்குள் லஞ்சத்தோடு வாக்காளரை மிரட்டுவது, மதம், சாதி, மொழியின் பெயரால் வாக்குக் கேட்பது, வாகனம் அமர்த்தி வாக்காளரை இலவசமாக ஏற்றிச்செல்வது, வரம்புக்கு மேல் செலவு செய்வது எல்லாம் வரும். ஒரு வேட்பாளரின் வெற்றி இந்தப் பிரிவில் ரத்தானால் 'ஊழல் செய்தார்' என்று தலைப்பிடுவது தவறான செய்தியாக முடியலாம். எந்த உட்பிரிவு என்று பார்த்து, நடந்ததைச் சொல்லுங்கள்.

'இம்மாரல்', 'அமாரல்' இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். முதலாவது அறத்தை மீறுகிறது. இரண்டாவதற்கு அறம் என்ற கணக்கே இல்லை. சந்தையும் சுனாமியும் அமாரல்.

ஊரார் வாயில் இருக்கும் கெடுதல்

'ஃபேமஸ் ரவுடி' என்று எழுதுவது இன்றும் நிற்கவில்லை. 'நொட்டோரியஸ்' என்பதே அதற்கான சொல். குற்றவாளிக்குத்தான் என்றில்லை, நெரிசலுக்குப் பேர்போன சந்திப்புக்கும் தாமதத்துக்குப் பேர்போன அலுவலகத்துக்கும் அது பொருந்தும். 'இன்ஃபமஸ்' ஒருபடி கனமானது, அவமானத்தின் முத்திரை. அழுத்தம் முதல் அசையில், 'இன்ஃபேமஸ்' என்று நீட்டக்கூடாது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8இல் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் முதல் வரைவில் அந்த நாள் உலக வரலாற்றில் நிற்கும் என்றுதான் இருந்தது. அவரே பேனாவை எடுத்து 'வோர்ல்ட் ஹிஸ்டரி'யை அடித்துவிட்டு 'இன்ஃபமி' என்று எழுதினார். பதிவுக்குறிப்பு குற்றச்சாட்டாக மாறியது. திருத்திய அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

'வில்லன்' நம் திரையுலகம் தத்தெடுத்த சொல். நம்பியாரையும் பி.எஸ். வீரப்பாவையும் வேறெப்படி அழைப்பது? ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பைக் கேட்டால் மனம் சங்கடப்படும். லத்தீனில் 'வில்லா' பண்ணை வீடு. அங்கே உழைத்தவர் வில்லானஸ். பண்ணையாள் என்ற சொல் பண்ணையாரின் நாவில் முரடன் ஆகி, பிறகு கயவன் ஆயிற்று. வேலைக்காரச் சிறுவனைக் குறித்த 'நேவ்' போக்கிரி ஆனதும் இதே வழியில்தான். சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் அந்தஸ்துச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறும் இந்தப் போக்கை விரிவாக ஆராய்ந்தார். சாதிப்பெயர்கள் வசவாகும் ஊரிலிருந்து படிக்கும் நமக்கு அந்தப் பக்கங்களில் புதிதாக அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

தலைகீழானவை

கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 'பேட்' நெடுங்காலமாகவே 'அசத்தல்' என்ற பொருளிலும் வழங்குகிறது. 1987இல் மைக்கேல் ஜாக்சன் தன் இசைத்தொகுப்புக்கு அந்தப் பெயரை வைத்தபோது உலகமே கேட்டது. 'சிக்', 'விக்கிட்' எல்லாம் அதே பாதையில் வந்தன. நமக்கு இது புதிதல்ல. பையன்கள் 'பயங்கரமா இருக்கு', 'வெறித்தனம்', 'மரண மாஸ்' என்று சொல்லும்போது யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. இப்படிப்பட்ட சொற்கள் குரலையும் முகத்தையும் நம்பி வாழ்கின்றன. மின்னஞ்சலில் இரண்டும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் திட்டத்தை 'சிக்' என்று பாராட்டி எழுதுவதற்கு முன் அவர் வயதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

'நாட் பேட்' என்பதில் பிரிட்டிஷ் மேலாளரிடம் வேலை செய்பவர்கள் தடுமாறுவார்கள். சுமார் என்று நினைத்து வருந்தத் தேவையில்லை. அது பெரும்பாலும் மெச்சல்தான், 'நாட் பேட் அட் ஆல்' என்றால் நிச்சயமாக மெச்சல். அவர் 'க்வைட் குட்' என்று சொன்னால்தான் அறிக்கையை இன்னொரு முறை திருத்திப் பாருங்கள்.